மூலம் என்று மறைக்கப்படும் நோய்

மெலனோமா என்றதும், அது வெள்ளைத்தோல் மக்களை வெயில் வாட்டுவதால் வரும் நோய் என்றே நம்மில் படித்தவர்கள்கூடக் கருதுகின்றனர். நம்மவர் தோலில் அது அரிதுதான். ஆனால் நிறமிச் செல்கள் தோலோடு நின்றுவிடுவதில்லை. கண்ணின் நடுப்படலம், மூக்கு, வாய், ஆசனவாய், பெண்ணுறுப்பு என வெயிலே படாத இடங்களிலும் அவை உள்ளன. அங்கும் இப்புற்று முளைக்கும்.

கண்ணில் தோன்றுவதை, சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து நோக்கும் மருத்துவர் பெரும்பாலும் கண்டுகொள்வார். ஆசனவாயில் தோன்றுவதுதான் ஏமாற்றும். குருதி கசியும், சதை துருத்தும். மூலம் என்பார் நோயாளி, சிலவேளை மருத்துவரும் அவ்வாறே எண்ணிவிடுவார். கட்டி எப்போதும் கறுத்திருப்பதுமில்லை. நிறமற்றதை நுண்ணோக்கியில் கண்டாலும் வேறு புற்றென மயங்க இடமுண்டு, எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ ஆகிய சிறப்புச் சாயச் சோதனைகளே ஐயம் தீர்க்கும். ஆகவே மூலமென்று அறுத்தெடுத்த சதையையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புமாறு கேளுங்கள்.

காயல்பட்டினம், தூத்துக்குடி எனும் நம் கடலோர ஊர்களில் இதைப் பேசவே நாணம் தடுக்கிறது. உம்மாமார் பலர் கைவைத்தியத்திலேயே மாதங்களைக் கழிக்கின்றனர். நாணம் ஈமானைச் சார்ந்ததுதான், மறுப்பாரில்லை. ஆயினும் நிர்ப்பந்தத்தில், தேவையான அளவு, அவ்ரத்தை மருத்துவரிடம் வெளிப்படுத்த மார்க்கம் இடமளித்திருக்கிறது. பெண்ணுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் நலம். கிடைக்கும்வரை குருதிப்போக்கை மறைத்துக் காத்திருப்பதைப் பேணுதல் என்று நான் ஏற்கமாட்டேன். கையுறையணிந்த விரலால் செய்யும் முதற்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.