அடுப்பங்கரையும் சங்கத்தின் பொறுப்பே

கணக்குப் புத்தகங்களையும் சரக்கிருப்பையும் பார்வையிடுவது கூட்டுறவு ஆய்வாளனின் உத்தியோகம். அடுப்பங்கரையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்களில் சிலர் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நூல் இருப்பைச் சரிபார்க்க ஒரு நெசவாளர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சங்கம் கொடுத்த நூலில் எடை குறையவில்லை. ஆனால் சிப்பங்கள் அடுக்கப்பட்டிருந்த இடம், அடுப்பிற்கு நேர் மேலே இருந்த பரண். பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் திரும்பிச் சென்று அபாயத்தை எடுத்துரைத்தேன். அவ்வீட்டு அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியாமல் வைக்கவில்லை, ஐயா. வேறு இடம் எங்கே இருக்கிறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

நம் நாட்டில் ஜூலை 16 என்னும் நாள் சமையற்கூடங்களால் இருமுறை துக்க நாளாயிற்று. 2004-ஆம் ஆண்டு அந்நாளில் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி வகுப்பறைகளைச் சூழ்ந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு அதே நாளில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். அங்கே கொன்றது தீயன்று; மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து. அது சமையல் எண்ணெயில் கலந்திருந்தது.

முதல் நிகழ்ச்சி நெசவாளருக்குப் பாடம். இரண்டாவது விவசாயிக்குப் பாடம். பருத்தி நூலும் கீற்றும் தீக்கு விருந்து. மருந்துக் கலயம் எத்தனை முறை கழுவினாலும் மருந்துக் கலயமே. அதில் எண்ணெயோ தண்ணீரோ நிரப்புதல் ஆகாது. அதை ஓட்டையிட்டு ஒதுக்குவதே முறை. சாயமிடும் வீடுகளில் காஸ்டிக் சோடாவை உப்புச் சாடியருகே வைக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். சாயம் காய்ச்சிய பாத்திரம் மீண்டும் சோற்றுக்கு வரலாகாது.

விறகடுப்பு இருந்த பல வீடுகளுக்கு இன்று எரிவாயு வந்துவிட்டது. புகை ஒழிந்தது நன்மையே. ஆயினும் இதன் சுபாவம் வேறு. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாமல் தரையோடு படர்ந்து மூலையில் தங்கும். அதனால்தான் சிலிண்டரை நிமிர்த்தித் தரையில் வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் அமைக்கச் சொல்கிறார்கள். ரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் அவசியம். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாதீர். போட்டதை அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு. தண்ணீர் எண்ணெயின் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வீடெங்கும் வீசிவிடும். அடுப்பை அணைத்து மூடியால் மூடினால் தீ தானே அடங்கும். திருமணச் சமையற்காரருக்கும் உணவுக்கடைக்காரருக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். எண்ணெய்ப் பிசுக்கேறிய புகைபோக்கியும், வாசலை அடைத்து அடுக்கிய சிலிண்டர்களும் அவர்களுடைய பகைவர்கள்.

உடலில் சுட்டுவிட்டால் மையும் மாவும் பற்பசையும் பூசாதீர். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டி, பின்னர் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. தரையில் படுத்து உருள வேண்டும். அடுப்பருகே நைலான் புடவையைவிடப் பருத்திப் புடவை மேல். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதே, ஆகையால் முந்தானையைச் செருகிக்கொள்ளுதல் எதற்கும் முந்திய காவல்.

இவையெல்லாம் பெண்டிர் கவனிக்க வேண்டிய காரியம், சங்கத்திற்கு என்ன சம்பந்தம் என்று சொல்வோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. பரண்மேல் இருந்த நூல் சங்கத்தின் சொத்து. அடியில் சமைத்தவர் சங்கத்துக் குடும்பத்தவர். நூலுக்கு இருப்புப் பதிவேடு வைக்கிறோம். உயிருக்கு வைக்க வேண்டாமா? அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு அறிவுரை பதிலாகாது. அவருக்கு வேண்டியது ஓர் இரும்புப் பெட்டியும், தறிக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு சுவருமே.

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். நூல் இருப்பைப் பார்க்கும்போதே அது வைக்கப்பட்ட இடத்தையும் பார்த்து எழுத வேண்டும். தடுப்புச் சுவருக்கும் அடுப்பு மேடைக்கும் குறைந்த வட்டியில் சிறுகடன் தர வேண்டும். பூச்சிமருந்து விற்கும் சங்கங்கள் காலிக் கலயங்களைத் திரும்பப் பெற வகைசெய்ய வேண்டும். இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. நிர்வாகக் குழுவினரின் மனம் போதும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்களே எழுந்து கேளுங்கள். அந்தக் கூட்டத்திற்குப் பெண் அங்கத்தினர்களைத் தவறாமல் அழைத்து வாருங்கள். அடுப்பின் குறையை அறிந்தவர்கள் அவர்களே.