போனை உடைத்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். கோபம் வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிலிருந்து அழைப்பு. "சார், நீங்க வந்து நாலு வார்த்தை சொன்னாத்தான் கேப்பான்." போனேன். கூடத்தில் அப்பா, அம்மா, தாய்மாமன், எதிர்வீட்டுக்காரர் (அவர் எதற்கு என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை) எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பையன். இருபது வயது, பொறியியல் மூன்றாம் ஆண்டு. டீப்பாயின் மேல் அவனுடைய போன், கண்ணாடி சிலந்திவலை மாதிரி வெடித்து. அப்பா தரையில் அடித்திருக்கிறார்.

குற்றப்பத்திரிகை மூன்று. ராத்திரி முழுக்க கேம். ஒரு பெண்ணோடு பேச்சு. நாலு அரியர். தீர்ப்பும் எழுதி வைத்துவிட்டார்கள். கேமை விட வேண்டும், பெண்ணை விட வேண்டும், படிக்க வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் வாத்தியார் வேண்டும்.

நான் போடவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வருடத்தில் இதே மாதிரி என்னைக் கூப்பிட்ட மூன்றாவது வீடு இது. பையனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க சார்" என்றான்.

முதலில் அந்த உடைந்த போன். அதில் கேம் மட்டுமா இருந்தது? கல்லூரி வகுப்புக் குழு அதில். பாடக் குறிப்புகள் அதில். தேர்வுக் கட்டணம் கட்ட வரும் ஓடிபி அதில். விளையாட்டு, காதல், படிப்பு மூன்றையும் ஒரே கருவிக்குள் வைத்து இந்தத் தலைமுறை கையில் கொடுத்தது நாம்தான். நம் காலத்தில் மைதானம் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பஸ் ஸ்டாப் ஒரு பக்கம். நடந்து போகிற தூரமாவது நம்மைப் பிரித்து வைத்தது. அப்பா கேமை உடைப்பதாக நினைத்துப் படிப்பையும் சேர்த்து உடைத்தார்.

"பப்ஜியை கவர்மெண்டே தடை பண்ணிச்சே, பிள்ளைங்க கெடுதுன்னுதானே?" என்றார் தாய்மாமன். இல்லை ஐயா. 2020 செப்டம்பரில் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது, அதில் பப்ஜியும் ஒன்று. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். உங்கள் மருமகனின் அரியர் அல்ல. அடுத்த வருடமே பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் அது வந்துவிட்டது. இவன் விளையாடுவதும் அதுதான்.

இன்னொன்று. சூதாட்டத்தையும் விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பணம் வைத்து ஆடும் ரம்மியால் நம் மாநிலத்தில் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று நமக்குத் தெரியும். அதற்காகத்தான் இங்கே சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. அதே சட்டம் மின் விளையாட்டுப் போட்டிகளை விளையாட்டாக அங்கீகரிக்கவும் செய்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். இதைச் சொன்னதும் பையன் முகம் மலர்ந்தது. உடனே அவன் பக்கம் திரும்பினேன். "தம்பி, பதக்கம் வாங்கப் போறவன் நீ இல்ல. அதை நீயே சொல்லு." "இல்ல சார்" என்றான். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அவனை நான் சும்மா விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போன பருவத்தில் அரியர் பேப்பருக்கு அப்பா கொடுத்த கட்டணத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் எடுத்து விளையாட்டில் துப்பாக்கிக்கு வண்ணச் சட்டை வாங்கியிருக்கிறான். அதிலும் நேராக வாங்க முடியாதாம், பெட்டி திறக்க வேண்டும், கேட்டது வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும். சுட்டால் ஒரு குண்டுகூடக் கூடுதலாகப் பாயாத சட்டை! மேலே நான் சூதாட்டம் வேறு, விளையாட்டு வேறு என்று சொன்னதில் இந்தப் பெட்டி மட்டும் எனக்கு இடிக்கிறது. அந்தப் பணத்தை அவன் சம்பாதித்துத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டியூஷன் எடுக்கப் போகிறான்.

அடுத்தது, "அடிமையாயிட்டான் சார், மறுவாழ்வு மையத்துல சேத்துடலாம்." இது எதிர்வீட்டுக்காரர். இந்த வார்த்தையை வெற்றிலை மெல்லுவது போலச் சொல்கிறார்கள். விளையாட்டு நோய் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? தன்னால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியமாகிப்போவது, கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது. இவை வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்து, பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று ஒரு எண் அதில் இல்லவே இல்லை. அது நோயா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். எதிர்வீட்டுக்காரரும் இல்லை, கணக்கு வாத்தியாரும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உண்மையில் பயமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் கூப்பிட்டு அரசின் மனநல ஆலோசகரிடம் பேசலாம். கூட்டம் கூட்டி இருபது வயதுப் பையனை நடுவில் உட்கார வைப்பது எந்த மருத்துவத்திலும் இல்லை.

நான் கணக்கு வாத்தியார். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு தாள் வாங்கி எழுதினேன்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 8, மொத்தம் 56. காலை 7 மணிக்குக் கல்லூரி பஸ் ஏறி மாலை 5 மணிக்கு இறங்குகிறான், 5 நாளைக்கு 50. குளியல், சாப்பாடு, கடைக்குப் போவது என்று நாளுக்கு 3, அது 21. ஆக 127. மிச்சம் 41. தினம் 2 மணி நேரம் விளையாடட்டும், 14. தினம் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணோடு பேசட்டும், 7. அப்புறமும் 20 மணி நேரம் படிப்புக்கு நிற்கிறது. நாளுக்கு ஏறக்குறைய 3 மணி. கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டேன், உங்களில் யார் கல்லூரியில் தினம் 3 மணி நேரம் படித்தீர்கள்? எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

அப்புறம் பையனிடம் அவன் கணக்கைக் கேட்டேன். வீட்டில் கேம் என்றாலே சத்தம், அதனால் அப்பா தூங்கும்வரை காத்திருக்கிறான். பத்தே முக்காலுக்குத் தொடங்கி ஒன்றேகால் வரை விளையாட்டு. பிறகு இரண்டு மணி வரை அந்தப் பெண்ணோடு குறுஞ்செய்தி. ஆறு மணிக்கு எழுந்திருக்கிறான். தூக்கம் 4 மணி நேரம்.

பாருங்கள். விளையாடிய நேரம் இரண்டரை மணி. என் தாளில் உள்ளதற்கும் அதற்கும் அரை மணிதான் வித்தியாசம். பேசிய நேரம் என் தாளில் இருப்பதைவிடக் குறைவு. வித்தியாசம் எங்கே வந்தது? தூக்கத்தில். கல்லூரி நாட்களில் மட்டும் வாரம் 20 மணி நேரத் தூக்கம் காணாமல் போயிருக்கிறது. முதல் பீரியடில் உட்கார்ந்துகொண்டே தூங்குகிறவனுக்கு அரியர் வராமல் வேறு என்ன வரும்? அந்தத் தூக்கத்தை யார் எடுத்தது? சாயங்காலம் 6 மணிக்கு விளையாட விடாதவர்கள்தான். தடை போட்டதும் விளையாட்டு நிற்கவில்லை, ராத்திரிக்கு இடம் மாறிக்கொண்டது. தென்கொரியாவில் ஒரு அரசாங்கமே இதை முயன்று பார்த்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைனில் விளையாடக் கூடாது என்று 2011-இல் சட்டம். பிள்ளைகள் பெற்றோர் பெயரில் உள்ளே நுழைந்தார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு 2022 ஜனவரியோடு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

அம்மாவின் குறை ஒன்று நியாயமானது. "சாப்பிடக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷம்கிறான், அரை மணி ஆகுது சார்." இதை நான் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள், நாலு நாலு பேராக அணி, கடைசிவரை நிற்கிற அணி ஜெயிக்கிறது. ஒரு ஆட்டம் அரை மணி வரை போகும். நடுவில் நிறுத்தி வைக்கிற வசதி கிடையாது. இவன் எழுந்தால் மற்ற மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள். கேரம் ஆட்டத்தில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடுமுன் அம்மா கூப்பிட்ட கதைதான். ஆட்டம் தொடங்குமுன் "அம்மா, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்கத் தெரியாதது அவன் தப்பு. அதை அவனுக்குச் சொன்னேன்.

ஏன் தெரியவில்லை? இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் இவனை விடுதிப் பள்ளியில் போட்டார்கள். காலை 5 மணிக்கு மணி அடித்தால் ராத்திரி பத்தரைக்குத்தான் விளக்கு அணையும். வாரத்துக்குப் பத்து நிமிடம் போன். எப்போது சாப்பிடுவது, எப்போது படிப்பது, எப்போது ஒன்றுக்குப் போவது எல்லாம் மணி சொல்லும். 560-க்கு மேல் மார்க் வந்தது. ஊரில் பேனர் வைத்தார்கள், நானும் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் ஒரு மணி நேரம்கூட அவனுடையதாக இல்லை. தன் நேரத்தைத் தானே செலவழித்துப் பழகாதவனிடம் கல்லூரியில் சேர்ந்த மறுநாள் 41 மணி நேரத்தைக் கொட்டினால் என்ன செய்வான்? சைக்கிளே ஓட்டாதவனை லாரியில் உட்கார வைத்துவிட்டு, பள்ளத்தில் விட்டதும் ரோட்டைத் திட்டுகிறோம்.

அப்பாவுக்கு ஒன்று நினைவூட்டினேன். "டேய், 1996 மார்ச் 13, ஈடன் கார்டன். இந்தியா, ஸ்ரீலங்கா செமிஃபைனல். நீ பத்தாவது. மறுநாள் மாடல் எக்ஸாம். எங்க உட்கார்ந்து பார்த்த?" தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். என் வீட்டுத் திண்ணையில்தான் பார்த்தான். ஜன்னல் வழியாக உள்ளே டி.வி. தெரியும். காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறியபோது இவனும் அழுதான். நான் அவனை விரட்டவில்லை, ஏனென்றால் நானும் வினாத்தாள் சைக்ளோஸ்டைல் எடுக்கப் போகாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பெண். உண்மையில் அன்றைக்குக் கூடத்தில் இருந்த சூடு கேமைப் பற்றியே இல்லை. "யாரு, எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்பதுதான் கேள்வி. நாலு அரியர் அதற்கு ஒரு சாக்கு. அவள் வேறொரு கல்லூரியில் படிக்கிறாள். விளையாட்டில்தான் அறிமுகம், இவனைவிட நன்றாக ஆடுவாளாம். ஆனால் மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறாள். பெண் குரல் என்று தெரிந்தால் முகம் தெரியாதவர்கள் என்னென்னவோ பேசுவார்களாம். "எங்க டீம்ல வந்தா மட்டும் மைக் போடுவா சார்" என்றான். நான் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். தாய்மாமனோ "கேம் ஆடுற பொண்ணா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவர் மறுவாழ்வு மையம் தேடுகிறார்.

அவளுக்குப் பரீட்சை முடிவு வந்த அன்று இவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். "ஒரு மேட்ச்" என்று பதில் போட்டவன் மூன்று ஆட்டம் கழித்துப் பேசியிருக்கிறான். அதை அவனே சொன்னான். அதற்காக அவனை நான் திட்டியதை வீட்டில் யாருமே எதிர்பார்க்கவில்லை. அரியருக்குத் திட்ட வந்த வாத்தியார் அந்தப் பெண்ணுக்காகத் திட்டுகிறாரே என்று பார்த்தார்கள்.

எனக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த நாலாவது வருடம் என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கு நோட்டில் ஒரு கடிதம் கிடைத்தது. ஒரு பையனுக்கு எழுதியது. அதில் தப்பாக ஒரு வரிகூட இல்லை, அவன் கையெழுத்து நன்றாக இருப்பதாகவும் வாய்பாடு படிக்கச் சொல்லியும் எழுதியிருந்தாள். நான் அவளைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அவள் அப்பாவை வரவழைத்துக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். கடமையைச் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த வைகாசியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். அந்த வருடம் என் வகுப்பில் கணக்கில் அவளுக்கு மேல் யாரும் இல்லை. அவளிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வகுப்பில் படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு யாரென்று தெரியும். அவள் எண் யாரிடமாவது இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

போனுக்குக் கண்ணாடி மாற்ற அப்பாவே கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். என்னிடம் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, பரவாயில்லை. நாலு அரியரில் ஒன்று கணக்கு. அதற்குச் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் 6 மணிக்கு என்னிடம் வருகிறான். ஏழரைக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்துகொள்கிறான். 8 மணிக்கு அவர்கள் அணி சேருகிறது. அது இப்போது வீட்டுக்கும் தெரியும்.

அந்தப் பெண் யார் என்று கீழே யாராவது கேட்டால் அந்தக் கருத்தை அழித்துவிடுவேன். சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.