நேர்முகத்துக்குப் போகுமுன் கேள்வித்தாளைப் படியுங்கள்

வருடத்துக்கு நாலைந்து மின்னஞ்சலாவது ஊர்ப்பக்கமிருந்து இப்படி வருகிறது: "அண்ணா, தில்லியில் ஒரு சமூகக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் இன்டர்வியூ. என்ன படித்துவிட்டுப் போகட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. பொதுவில் போட்டு வைக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

பெரும்பாலானவர்கள் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் போகிற மாதிரி தயாராகி வருகிறார்கள். அங்கன்வாடித் திட்டம் 1975, வேலை உறுதிச் சட்டம் 2005, உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டே டீயைக் குடிப்பார். அவருக்கு வருடம் தேவையில்லை, அது கூகிளில் இருக்கிறது. ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால் அதை நீங்கள் எப்படிப் புரட்டிப் பார்க்கிறீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மத்திய அரசின் தொழிலாளர் சர்வேப்படி (பி.எல்.எஃப்.எஸ்.), 2017-18ல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர்தான் வேலையிலோ வேலை தேடிக்கொண்டோ இருந்தார்கள். 2023-24ல் அதே எண் 41.7 சதவீதம். ஆறு வருடத்தில் இவ்வளவு ஏற்றம். ஏன்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் அடிக்கடி வரும். ஒருவர் அரசின் திட்டங்களுக்குக் கிடைத்த வெற்றி என்பார். இன்னொருவர் எல்லாம் பொய்க்கணக்கு என்பார். இரண்டு பேருக்குமே மார்க் விழாது, ஏனென்றால் இரண்டு பேருமே எண்ணைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் என்ன தெரியும்? ஏற்றம் நகரத்தைவிட கிராமத்தில் அதிகம். அதிலும் சுயதொழில் என்ற கட்டத்தில் அதிகம். அந்தக் கட்டத்துக்குள்ளேயே குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்பவர்களும் அடக்கம்.

இதோடு நிறுத்தாமல் சர்வேயின் கேள்வித்தாளையே பார்த்துவிட்டு வந்தவர் இன்னும் ஒரு படி மேலே போவார். அந்தத் தாளில் ஒவ்வொருவர் என்ன செய்கிறார் என்பதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. குடும்பத் தொழிலில் சம்பளமில்லா உதவியாளர் என்றால் 21. வீட்டுவேலை மட்டும் என்றால் 92. வீட்டுவேலையோடு வீட்டு உபயோகத்துக்கு விறகு பொறுக்குவது, மாட்டுக்குத் தீவனம் சேகரிப்பது என்றால் 93. இப்போது எருமை இரண்டு வைத்திருக்கிற ஒரு அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். "நான் சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார். பால் சொசைட்டிக்குப் போகிறது, கறப்பது அவர், பணம் வாங்குவது வீட்டுக்காரர். வந்தவர் துருவிக் கேட்டால் 21, கேட்காமல் போனால் 92. ஏற்றத்தில் எவ்வளவு நிஜ வேலை, எவ்வளவு வருமானம் போதாமல் இறங்கிய வேலை, எவ்வளவு துருவிக் கேட்டதால் கண்ணில் பட்ட பழைய வேலை? இதைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. பிரிக்க வேண்டும் என்று தெரிந்தாலே அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆகவே நூறு அறிக்கைகளின் முன்னுரையைப் படிப்பதைவிட ஒரே ஒரு சர்வேயின் கேள்வித்தாளை முழுதாகப் படியுங்கள். தரவும் இலவசம்தான், புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் இதுபோன்ற கோப்பு ஒன்றைக் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் நாலு அட்டவணை போடச் சொல்வார்கள். வெயிட் போடாமல் சராசரி எடுத்தால் அங்கேயே கதை முடிந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சத்துணவைப் பற்றிக் கேட்டால் உடனே 1982 என்று பெருமையோடு ஆரம்பித்துவிடுவோம். நியாயமான பெருமைதான். சமைத்த உணவு போடுங்கள் என்று மற்ற மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2001ல் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனால் "சோறு போட்டதால் பள்ளிக்கூடம் நிறைந்தது" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: அதே வருடங்களில் சாலை வந்தது, பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது, எதனால் நிறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? கோபப்படாதீர்கள். வேலையே இதுதான்.

இனி மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றி. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. தென்மாவட்டத்துப் பெண் ஒருவர் வந்தார், தமிழ்வழியில் படித்தவர். இரண்டு வருடம் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தவர். மேலே சொன்ன எருமைப் பதிலுக்குக் கிட்டத்தட்ட சமமான பதிலை அன்று சொன்னவர் அவர் மட்டும்தான், கொஞ்சம் திக்கித் திக்கி. குறிப்பில் "கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதினார்கள். நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. எடுக்கப்பட்டவர் வழவழவென்று பேசினார், ஒரு கேள்வித்தாளைக்கூட நிரப்பியதில்லை. கிராமத்தைப் பற்றி ஆய்வு, கிராமத்தில் பேசத் தெரிந்தவர் தினக்கூலியில், ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் ஏ.சி. அறையில். இப்படி ஆள் எடுத்துக்கொண்டே இருந்தால் 21-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசம் அறிக்கை எழுதுபவருக்கு எந்தக் காலத்தில் தெரியும்? ஆங்கிலத்தை ஆறு மாதத்தில் அலுவலகமே தேற்றிவிடும். மற்றதைத் தேற்ற முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. களத்தில் நடந்த மூன்று சம்பவங்களை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். புரியாத கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், யாரும் அடிக்க மாட்டார்கள் :-)

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். நம் ஆட்கள் "நத்திங் சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், திட்டத்துக்கான பணம் எதுவரை இருக்கிறது (வெளிநாட்டு நிதிச் சட்டம் 2020ல் இறுக்கப்பட்ட பிறகு இது ரொம்ப முக்கியம்), அறிக்கையில் என் பெயர் வருமா, களத்துக்குப் போனால் பயணப்படி முன்பணமா, பிறகா. பிறகு என்றால் எத்தனை நாள் பிறகு என்றும் கேளுங்கள்.

ஜனவரியில் இன்டர்வியூ என்றால் முந்தின நாளே வந்துவிடுங்கள். பனிமூட்டத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எப்போது வந்து சேரும் என்பது டிரைவருக்கே தெரியாது.