பெற்றோரின் வேலை நிலைக்கட்டும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் குடும்பங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

குழந்தைகள் உள்ள குடும்பத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ நிலையான வேலை இருப்பதைக் குழந்தை நலத்தின் ஒரு பகுதியாகவே அரசு கருத வேண்டும். இதுதான் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இப்போது வேலையைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, குழந்தையைச் சமூக நலத்துறையும் பள்ளிக் கல்வித்துறையும் பார்க்கின்றன. அந்தத் தாயும் அந்தக் குழந்தையும் ஒரே லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பது எந்தக் கோப்பிலும் தெரிவதில்லை.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கீழே ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் பவர் டேபிள் எனப்படும் தையல் யூனிட்டுகளும் தெருத்தெருவாக இருக்கின்றன. அங்கே ஒரு ஷிப்ட் என்பது காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை ஆகும். சரக்குக் கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் செக்கிங்கும் பேக்கிங்கும் நள்ளிரவைத் தாண்டும். சம்பளம் சனிக்கிழமை. டைலர்களில் பலருக்குப் பீஸ் ரேட். அந்த ஆர்டர் முடிந்ததும் காண்ட்ராக்டர், "சொல்லி அனுப்பறேன், அப்புறம் வாங்க" என்பார். அது மூன்று நாளாகவும் இருக்கலாம், மூன்று வாரமாகவும் இருக்கலாம்.

பின்னலாடைத் தொழிலில் கூலி குறைவு என்று மட்டும் பேசுவோர் பாதியைத்தான் பேசுகிறார்கள். ஆண்டு முழுவதும் வாங்கியதைக் கூட்டிப் பார்த்தால் சில குடும்பங்களுக்கு ஓரளவு போதும் என்றே தோன்றும். ஆனால் வாடகை, சீட்டுப் பணம், கடன் தவணை எல்லாம் ஒழுங்காக வருகின்றன, சம்பளம் மட்டும் அப்படி வருவதில்லை. வேலை நெருக்குகிற வாரங்களில் கையில் காசு இருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. இரவு ஒன்பது வரை பத்து வயது அக்காதான் மூன்று வயதுத் தம்பிக்கு அம்மா. மறுநாள் அவள் பள்ளிக்குப் போவதும் சந்தேகம்தான். வேலை ஓய்ந்த வாரங்களில் ஆள் இருப்பார்கள், அடுப்பில் ஒன்றும் இருக்காது. வாடகை நிலுவை ஏறி, வேலை கிடைக்கும் பக்கத்துக்கு வீடு மாறும்போது, கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்க நேர்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த மகளை மேலே படிக்க வைப்பதா, மில்லுக்கு அனுப்புவதா என்ற முடிவும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓய்ந்த மாதத்தில்தான் எடுக்கப்படுகிறது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சேர்த்தார்கள். திருமணத்துக்கு ஆகும் என்ற அந்தத் தொகையை நம்பி மகள்களை அனுப்பியவை, தங்கள் கைக்கு எப்போது பணம் வரும் என்று தெரியாத குடும்பங்கள்தான்.

தமிழ்நாடு அரசு குழந்தைகளை மறந்துவிடவில்லை. 1982-ல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு மாநிலமெங்கும் பரவிய காலை உணவு, 2023-ல் வந்த மகளிர் உரிமைத்தொகை ஆகிய மூன்றையும் வரவேற்கிறோம். ஆனால் நாலைந்து நாள் வேலை நின்றாலே அந்த உரிமைத்தொகையான மாதம் ஆயிரம் ரூபாயைவிட அதிகம் போய்விடுகிறது.

வேலை நிற்பதும் எப்போதோ நடக்கிற விபத்தன்று. நொய்யல் ஆற்று மாசுபாட்டு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றுக்கு அந்தத் தீர்ப்பு அவசியம் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் வேலையிழந்தவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. 2022-ல் நூல் விலை ஏறியது, மே மாதம் தொழில்துறையினரே உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதம் ஆக்கியது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. முதலில் நிறுத்தப்பட்டவர்கள் மட்டும் ஒரே ஆட்கள்: பதிவேட்டில் பெயரில்லாத பீஸ் ரேட் தொழிலாளர்கள்.

புதிய சட்டம் வேண்டும் என்று நாங்கள் முதலில் கேட்கவில்லை. இருக்கிற சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்கிறோம். தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலமே இயற்றிய சட்டம் இது. ஆனால் 480 நாள் நிறைவதற்குள் ஆளை நிறுத்திவிட்டு, சிறிது இடைவெளி விட்டு, வேறொரு காண்ட்ராக்டர் பெயரில் மறுபடியும் எடுப்பது ஊரறிந்த வழக்கம். அதே கட்டடம், அதே மெஷின், அதே டைலர். இந்த இடைவெளிகளைச் செயற்கையானவை என்று கருதி நாட்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி சம்பளப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது, மெஷின்களையும் எண்ண வேண்டும். நூறு மெஷின் ஓடும் இடத்தில் முப்பது பேருக்கு மட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தால் மீதி எழுபது பேர் யார் என்று கேட்க வேண்டும்.

பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் மற்றவையும் கிடைக்கும். வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாவை இ.எஸ்.ஐ. கழகம் 2018-ல் கொண்டுவந்தது. இ.எஸ்.ஐ. எண்ணே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்பது நல்லது, ஆதரிக்கிறோம். குறித்த காலப் பணியை ஊக்குவிப்பதை ஆதரிக்க முடியாது. ஓராண்டு முடிந்தால் பணிக்கொடை உண்டு என்பது ஆறுதல்தான், ஆனால் ஓராண்டு முடிய விடுவார்களா? 480 நாள் கணக்கில் பார்த்த அனுபவம் நம்பிக்கை தரவில்லை. தொகுப்புகளைக் காரணம் காட்டி 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தால் எதிர்ப்போம்.

"ஆர்டர் எங்கள் கையில் இல்லை, வெளிநாட்டு பையர் விலையைக் குறைக்கிறான், நாங்கள் என்ன செய்வது?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. ஜெர்மனியில் வேலை குறையும் காலத்தில் ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை அரசு தரப்பில் ஈடுசெய்கிறார்கள். குழந்தை உள்ளவருக்கு அது 67 சதவீதம். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பது சரி. ஆனால் நெருக்கடி வரும்போதெல்லாம் ஏற்றுமதியாளர்களுக்கு வட்டிச் சலுகையும் கடன் தவணை நீட்டிப்பும் கோரப்படுகின்றனவே? அவற்றைக் கொடுங்கள். ஆட்களைப் பதிவேட்டில் தக்கவைத்து, வேலையில்லாத நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது தரும் நிறுவனத்துக்கு மட்டும் கொடுங்கள்.

வேலை நிலைப்பதோடு வேலை நேரமும் முன்கூட்டியே தெரிய வேண்டும். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. காகிதத்தில் போன 12 மணி நேரம் ஒன்றரை ஷிப்டாக இன்றும் இருக்கிறது. அடுத்த வாரம் ஒன்றரை ஷிப்டா இல்லையா என்பதை முந்தைய சனிக்கிழமையே சொல்ல வேண்டும், மறுக்கும் உரிமையும் வேண்டும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. சிறு யூனிட்டுகளால் தனித்தனியே நடத்த முடியாது. எனவே யூனிட்டுகள் நெருங்கியுள்ள பகுதிகளில் மாநகராட்சியும் உரிமையாளர் சங்கங்களும் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தட்டும், கடைசி ஷிப்ட் முடியும் வரை அது திறந்திருக்கட்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கும் அங்கே இடம் வேண்டும்.

தொழிலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போன நாள், கம்பெனி பெயர், காண்ட்ராக்டர் பெயர், வாங்கிய சம்பளம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சம்பளக் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். 480 நாள் கணக்குக் கேட்கப் போகும்போது அவைதான் உங்கள் சாட்சி.