பழைய ஈயக் குண்டும் என் பழைய தவறும்



போன ஞாயிற்றுக்கிழமை பென்சில்வேனியாவிலிருந்து நம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி வருஷங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவரோடு போய் ரிவால்வரில் குறி பார்த்துச் சுடப் பழகியவன். அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி, "நீயே வைத்துக்கொள்" என்று ஒரு காபி டப்பாவைக் கொடுத்திருக்கிறார். உள்ளே, முப்பது வருஷத்துக்கு முன் அவர் கையால் வார்த்த ஈயக் குண்டுகள். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதாம். "சார், இதை வைத்துத் தோட்டா நிரப்பலாமா, தூக்கிப் போடணுமா? கெமிஸ்ட்ரி சார் நீங்கதான் சொல்லணும்" என்றான்.

தெரியாதவர்களுக்காக: சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் அவன் கேள்விக்கு வருகிறேன். ஈயம் சோறு போல ஊசிப்போகாது. முப்பது வருஷக் குண்டும் குண்டுதான். ஆனால் ஒரே டப்பாவில் பல அச்சில் வார்த்தவை கலந்திருக்கலாம். அவர்கள் எடையை கிரெய்னில் சொல்வார்கள். வாற்கோதுமை மணியிலிருந்து வந்த அளவு அது, நம் குன்றிமணி போல. .38 ஸ்பெஷலுக்குப் பழைய வழக்கமான குண்டு 158 கிரெய்ன், அதாவது சுமார் 10.2 கிராம். குண்டின் எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. எடை தெரியாத குண்டுக்குக் குத்துமதிப்பாக மருந்து போட்டால் ரிவால்வர் கையிலேயே வெடிக்கலாம். அதனால் ஒவ்வொன்றாக எடை போட வேண்டும், விட்டமும் அளக்க வேண்டும். குண்டின் பள்ளத்தில் தடவிய மெழுகு காய்ந்து உதிர்ந்திருந்தால் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும்.

இதெல்லாம் அவனுக்கே தெரியும். நான் கவலைப்பட்டது அந்த வெள்ளைப் பூப்பைப் பற்றி. காற்றும் ஈரமும் பட்டு ஈயம் ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறியது அது. பெயிண்டுக்கான ஈய வெள்ளையை அந்தக் காலத்தில் வினிகர் ஆவியில் ஈயத் தகட்டை வைத்துத்தான் எடுத்தார்கள். முழுக் குண்டைத் தொட்டால் தோல் வழியாக ஈயம் உள்ளே போவது மிகக் குறைவு. பொடி அப்படியில்லை. விரலில் ஒட்டும், வாய்க்குப் போகும், மூச்சிலும் ஏறும்.

"எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "கீழ்த்தளத்தில், வாஷிங் மெஷின் பக்கத்தில் சார்." அவனுக்கு நாலு வயசுப் பெண் குழந்தை. விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு சிறு குழந்தைகள் உடம்பில் சேரும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-ல் வரையறுத்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொன்னேன்: குழந்தை இருக்கும் வீட்டில் அந்த டப்பா வேண்டாம். உருக்கிப் புதிதாக வார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். உருக்கும்போது மேலே மிதக்கும் கசடுதான் பொடியிலெல்லாம் மோசமான பொடி. ஈரம் ஒரு சொட்டு விழுந்தாலும் உருகிய ஈயம் தெறிக்கும். மூடியை இறுக்கி, தனிக் கொட்டகையில் வார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடு. இல்லையென்றால் பழைய உலோகம் வாங்குபவரிடம் போடு. புதுக் குண்டு வாங்கும் காசு மிச்சம் என்பது குழந்தைக்கு முன்னால் ஒரு கணக்கா? பெரியவர் நினைவாக ஒன்றே ஒன்றைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்துக்கொள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "சார், நாம எக்ஸிபிஷனுக்கு ஈயம் உருக்கினோமே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருக்கிறது. 1984. பழைய கார் பேட்டரித் தகட்டை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உருக்கித் தூக்குக்குண்டு வார்த்தோம். தீ அணையாமலிருக்க ஜன்னலைச் சாத்தச் சொன்னவன் நான். கை கழுவச் சொல்லாமல் எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தவனும் நான். 327 டிகிரியில் ஈயம் உருகும் என்று போர்டில் எழுதிப் போட்டேன். அது எலும்பில் போய்ப் பல வருஷம் தங்கும் என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஈய விஷம் அப்போதே புத்தகத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை. அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். ஆனால் அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்துவிடும். தெரிந்த கடையில் கேட்டு வாங்குங்கள்.

அந்த வருஷம் என்னோடு நின்று உருக்கியவர்கள் கீழே எழுதுங்கள். திட்டினாலும் சரி.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்