படகில் எத்தனை பேர்?



விடுமுறை விட்டதும் உங்கள் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதுதானே? தூத்துக்குடிப் பிள்ளைகள் என்றால் மதுரைப் பக்கமோ, கன்னியாகுமரிப் பக்கமோ உள்ள தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிப்பீர்கள். அப்பா டிக்கெட் விலையைக் கேட்டுத் தலையைச் சொறிவார். போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு கோடு உங்களுக்காகக் காத்திருக்கும். "இந்த உயரத்துக்குக் கீழே இருப்பவர்கள் சறுக்கில் ஏறக் கூடாது" என்று சுவரில் எழுதியிருப்பார்கள். ஓரமாக நிற்கும் ஒரு அண்ணன் சும்மா சும்மா விசில் ஊதுவார். முன்னால் போனவர் கீழே இறங்கி நகர்ந்த பிறகுதான் உங்களை விடுவார். "ரொம்பத்தான் கெடுபிடி!" என்று முணுமுணுப்பீர்கள்.

நம் ஊர்க் கடலில் அப்படி ஒரு கோடு இல்லை. விசில் அண்ணனும் இல்லை. முத்துநகர் கடற்கரைக்கும் திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் போக டிக்கெட் வேண்டாம். வெளியூரிலிருந்து சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டால் கடற்கரைக்குக் கூட்டிப் போவதுதான் வழக்கம். அங்கே போனதும், "படகில் ஒரு சுற்றுப் போய் வரலாமே" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். இந்த வாரம் அந்தப் படகுச் சுற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாடு அழகான ஊர். கடலை ஒட்டி ஒரு குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே வளைந்து கிடக்கும் மணல் திட்டு. அலைகள் நன்றாக எழும்புவதால் இப்போது அலைச்சறுக்கு விளையாட வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். 2017 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று மணப்பாட்டுக் கடலைச் சுற்றிப் பார்க்க ஒரு மீன்பிடிப் படகில் குடும்பம் குடும்பமாகப் பலர் ஏறினார்கள். அளவுக்கு மீறி ஆட்கள் ஏறிய அந்தப் படகு கவிழ்ந்தது. பலர் இறந்துபோனார்கள். அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2011 டிசம்பர் 25 அன்று, சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலும் இதே கதைதான். கிறிஸ்துமஸ் நாளைக் கொண்டாட வந்த உறவினர்கள் ஒரே படகில் போனார்கள். 22 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். ஆனாலும் மணப்பாட்டில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டு தளம் கொண்ட சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கேரளத்தின் தானூரில் 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய பிறகு புறப்பட்ட படகு கவிழ்ந்ததில் 22 பேர் இறந்தார்கள். குஜராத்தின் வதோதரா நகரில், ஹர்ணி ஏரிக்கு 2024 ஜனவரி 18 அன்று சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியர்கள் 2 பேரும் உயிரிழந்தார்கள்.

இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஏரி, ஒன்று கடல், ஒன்று ஆறு கடலில் சேரும் இடம். புயலில் சிக்கிய படகு ஒன்றுகூட இதில் இல்லை. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்த படகும் ஒன்றுகூட இல்லை. எல்லாமே சந்தோஷமாக ஊர் சுற்ற வந்தவர்கள் ஏறிய படகுகள்.

அப்படியானால் படகு ஏன் கவிழ்கிறது? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாளி நிறையத் தண்ணீர், ஒரு சோப்பு டப்பா, பத்து ஒரு ரூபாய் நாணயம், ஒரு தீப்பெட்டி, ஒரு ரப்பர் வளையம் போதும். முதலில் நாணயங்களை டப்பாவின் அடியில் பரப்பி மிதக்க விடுங்கள். விரலால் ஓரத்தை லேசாக அழுத்தி விடுங்கள். டப்பா ஆடும், பிறகு தானாக நேராகிவிடும். இப்போது தீப்பெட்டியை டப்பாவின் நடுவில் நிமிர்த்தி வைத்து, அதே பத்து நாணயங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி அதன் உச்சியில் வையுங்கள். மீண்டும் ஓரத்தை அழுத்துங்கள். என்ன ஆயிற்று? எடை ஏறக்குறைய அதேதான். ஆனால் அது உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் டப்பாவால் நிமிர முடியவில்லை.

மீனவர் வள்ளத்தில் வலை, மீன், ஐஸ் எல்லாம் அடியில் கிடக்கும். நாலைந்து பேர் அவரவர் இடத்தில் இருப்பார்கள். அலை வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அவர்கள் உடம்புக்கே தெரியும். அதே வள்ளத்தில் சுற்றிப் பார்க்க வந்த இருபது, முப்பது பேரை ஏற்றினால் எடை அடியில் நிற்குமா? ஒருவர் எழுந்து நின்று கையசைப்பார். ஒருவர் செல்போனில் படம் எடுப்பார். "அதோ பார், டால்பின்!" என்று யாராவது கத்தினால் போதும், அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். தேக்கடியில் கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் குவிந்ததாக அப்போது செய்திகள் வந்தன. தானூர்ப் படகோ மீன்பிடிப் படகாக இருந்து, மேலே தளம் வைத்துச் சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. தீப்பெட்டியின் மேல் வைத்த நாணயம் ஞாபகம் வருகிறதா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆள் ஏற ஏறப் படகு அமிழும். தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி குறையும். நாலு பேர் இருக்கும்போது விளிம்பில் மோதித் திரும்பிப் போகும் அலை, நாற்பது பேர் இருக்கும்போது உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, அதை மேலும் சாய்க்கும்.

நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது கப்பலின் நடுப்பகுதியில் பக்கவாட்டில் கவனியுங்கள். ஒரு வட்டம், அதன் நடுவே ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி போலச் சில கோடுகள் இருக்கும். இதற்கு மேல் கப்பல் அமிழக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. வெப்பக் கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு, நன்னீருக்கு ஒரு கோடு. ஆற்று நீர் கடல் நீரை விட அடர்த்தி குறைந்தது. அதனால் நன்னீரில் அதே கப்பல் கொஞ்சம் கூடுதலாக அமிழும்.

இந்த அடையாளம் சும்மா வரவில்லை. 150 வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்தில் கப்பல் முதலாளிகள் சிலர், தாங்காத சுமையை ஏற்றிக் கப்பலை அனுப்புவார்கள். மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம் வரும். மாலுமி வீட்டுக்கு என்ன வரும்? சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் சண்டை போட்டார். 1876-இல் சட்டம் வந்தது. அந்தக் கோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

நிலக்கரி ஏற்றி வரும் கப்பலுக்குக் கோடு இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் சின்னப் படகில் "இத்தனை பேர்தான்" என்று ஓர் எண்கூட இல்லாமல் இருந்தால் அது நியாயமா?

சட்டம் இல்லாமல் இல்லை. மீன்பிடிப் படகுக்குத் தரப்படும் பதிவு மீன் பிடிப்பதற்குத்தான், ஆள் ஏற்றுவதற்கு அல்ல. ஆறு, ஏரிகளில் ஓடும் கலங்களுக்கு 1917-இல் போட்ட பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-இல் புதிய சட்டமும் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் தடை, சோதனை எல்லாம் நடக்கும். பிறகு கூட்டம் வரும், படகும் வரும். அடியோடு தடுத்துவிடலாமா என்றால், எனக்கு அதில் சம்மதம் இல்லை. கடலை நம் மீனவர்களை விட நன்றாக அறிந்தவர் யார்? கடலில் எவர் தத்தளித்தாலும் முதலில் ஓடி வருவது அவர்கள் படகுதான். அவர்களுக்கு நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் அதற்கென்று தனிப் படகு, தனிப் பதிவு, விளிம்பில் பெரிதாக எழுதிய எண், தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறதே! கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகளில் லைஃப் ஜாக்கெட் கொடுத்து ஏற்றுகிறார்கள். கடல் சீறினாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுகிறார்கள். வரிசையில் நின்றவர்கள் திட்டிக்கொண்டே திரும்புவார்கள். திட்டட்டும்.

படகுக்காரரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. "எல்லோரும் சேர்ந்தே போவோம்" என்பதுதான் நம் குடும்பங்களின் பாசம். அத்தையை விட்டுவிட்டு எப்படி? தம்பி அழுகிறானே, மடியில் வைத்துக்கொள்ளலாம். இப்படியே பத்துப் பேர் ஏறும் படகில் பதினெட்டுப் பேர் ஆகிவிடுகிறது. இரண்டு நடையாகப் போனால் கூடுதலாக அரை மணி நேரம், அவ்வளவுதான். பொழுது சாயும் நேரத்தில் "கடைசிச் சுற்று" என்று சொல்லும்போதுதான் இந்த நெரிசல் அதிகம்.

எண்ணுவது உங்கள் வேலை. நான் பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போன காலத்தில் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவேன். "சார் ஆடு எண்ணுறார்" என்று பின்னால் சிரிப்பார்கள். நீங்களும் எண்ணுங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று படகுக்கார அண்ணனிடமே கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளாமல், உங்கள் அளவுக்குப் பொருந்துவதாக வாங்கி, பட்டைகளை இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லும் மாமாவுக்கும் ஒன்று கொடுங்கள். கவிழ்ந்த படகுக்கு அடியில், நாலு பேர் காலைப் பிடித்து இழுக்கும்போது நீச்சல் பழகியவர் யாரும் இல்லை.

நம் கரையில் முத்துக் குளித்தவர்களுக்கு நீச்சல் தெரியாதா என்ன? தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கடலடிக்கு இறங்கினால், மேலே படகில் அவருடைய கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். வேறு எந்த வேலையும் பார்க்க மாட்டார். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் அந்த நொடியே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்களாம். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இருக்கும்போது ஏன் மச்சான்? உங்கள் ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்லுவார்.