ஒரு சொல்லும் அறுபது உயிர்களும்

நன்னூலின் வேற்றுமைப் பகுதியை நடத்தும்பொழுது ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. 'குடத்தை வனைந்தான்' என்கிறோம். வனையும்பொழுது அங்கே இருப்பது களிமண்தானே, குடம் ஏது? ஆக்கப்படும் பொருளை அது ஆகி முடியுமுன்னரே அதன் பெயரால் சுட்டுவது மொழியின் இயல்பு என்று நாமும் விடை கூறுகிறோம். உலையில் அரிசி கொதிக்கும்பொழுதே சோறு பொங்குகிறது என்கிறோம். துணி கத்தரித்துக் கிடக்கும்பொழுதே சட்டை தைக்கிறார் என்கிறோம். 2025 மார்ச் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ இதே வினாவை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ இதே விடையைத் தந்தது என்று வகுப்பில் கூறியபோது மாணவர்கள் என்னை ஐயத்தோடுதான் நோக்கினர்.

செய்தி இதுதான். அந்நாட்டில் துப்பாக்கியை முழுமையாக விற்றால் உரிமம் வேண்டும். வரிசை எண் பொறிக்க வேண்டும். வாங்குவோரின் பின்புலத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆகவே சிலர் அதனை முடிவுபெறாத உறுப்புகளாகப் பெட்டியில் அடைத்து, இது துப்பாக்கியன்று, உதிரிப்பாகம் மட்டுமே என்று விற்கலாயினர். வாங்கியவர் வீட்டிலேயே மீதி வேலையை முடித்துக்கொள்வார். வரிசை எண் இல்லாத இவற்றைப் பேய்த்துப்பாக்கிகள் என்று அங்கே அழைக்கின்றனர். இவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவர 2022இல் ஒரு விதி செய்யப்பட்டது. அவ்விதியை 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் நிலைநிறுத்திய நீதிபதி கோர்சச், எழுதி முடியாத கையெழுத்துப்படியையும் நாவல் என்று எழுத்தாளர் சொல்வதையும், பிரித்துக் கட்டிய பலகைகளாக வந்ததையும் மேசை என்று வாங்கியவர் சொல்வதையும் எடுத்துக்காட்டினார். நம் குயவரின் குடம் கடல் கடந்து சென்று நிற்பதைக் கண்டு வியந்தேன்.

துப்பாக்கியைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவானேன் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படை முகாமில் ஐந்து தோட்டாக்களைச் சுட்டதோடு எனக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்தது. அவற்றில் ஒன்றும் இலக்கில் படவில்லை. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து நமக்கு வந்தது என்பதே என் துறைக்கு உரிய அறிவு. எனினும், ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதில் மாந்தரின் உயிரும் சிறைவாசமும் அடங்கியிருக்கும்பொழுது, உரை காண்பதையே தொழிலாகக் கொண்ட நாம் பேசாதிருப்பது தகாது.

மேற்சொன்னது எளிய வழக்கு. கடினமான வழக்கு அதற்கு முந்திய ஆண்டில் வந்தது.

மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டங்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு தெருவில் திரிந்ததன் விளைவாக 1934இல் அமெரிக்கா தேசியச் சுடுகலச் சட்டத்தை இயற்றியது. இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் கொண்ட நெடுந்துப்பாக்கி, ஓசையடக்கி ஆகியவற்றைப் பதிவு செய்து, 200 டாலர் வரியும் கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். அக்காலத்தில் ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். 1986இல் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருப்பதே தடுக்கப்பட்டது. இயந்திரத் துப்பாக்கி என்பது யாது? விசையின் ஒரே செயலால், மீண்டும் கையால் நிரப்பாமல், ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகச் சுடுவது. இதுவே அச்சட்டத்தின் இலக்கணம். 'விசையின் ஒரே செயல்' என்னும் இத்தொடரின்மேல்தான் பின்னாளில் அத்தனையும் வந்து நின்றது.

பம்ப் ஸ்டாக் என்பது துப்பாக்கியின் அடிக்கட்டைக்கு மாற்றாகப் பொருத்தப்படும் ஒரு துணைக்கருவி. சுடும் வேகத்தால் துப்பாக்கி பின்னுதைப்பதை நாம் அறிவோம். இக்கட்டைக்குள் துப்பாக்கி முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். சுடுபவர் விரலை அசைக்காமல் ஓரிடத்தில் நிறுத்தி, மறுகையால் குழலை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தால் போதும். விரல் விசையைத் தேடிப் போவதற்கு மாறாக விசையே விரலைத் தேடி வந்து மோதிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 400 முதல் 800 குண்டுகள் வரை பாயும். 2010இல் இத்தகைய கருவி ஒன்றை ஆராய்ந்த கூட்டரசின் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகம், இஃது ஓர் உறுப்பு மட்டுமே, இயந்திரத் துப்பாக்கியன்று என்று கடிதம் தந்தது. கடைகளில் விற்பனை நடந்தது.

2017 அக்டோபர் 1ஆம் நாள் இரவு, லாஸ் வேகாஸ் நகரில் ஓர் இசை விழாவில் 20,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். எதிரே இருந்த விடுதியின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் சுமார் 10 நிமிடங்களில் 1,000க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தான். அன்று 58 பேர் மாண்டனர்; காயங்களால் பின்னர் இறந்த இருவரையும் சேர்த்து 60 பேர். அவன் அறையில் இருந்த துப்பாக்கிகள் பலவற்றில் இந்தக் கட்டை பொருத்தப்பட்டிருந்தது.

நாடே கொதித்தது. சட்டமன்றமாகிய காங்கிரஸ் ஒரு வரியைச் சேர்த்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அது சேர்க்கவில்லை. அதற்கு மாறாக, 2018 டிசம்பரில் அதே பணியகம் தன் பழைய உரையைக் கைவிட்டுப் புதிய உரை எழுதியது. இக்கருவியும் இயந்திரத் துப்பாக்கியே என்றது. 2019 மார்ச் 26க்குள் அழித்துவிட வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும். பணியகத்தின் மதிப்பீட்டின்படியே மக்களிடம் 2,80,000 முதல் 5,20,000 வரை இக்கருவிகள் இருந்தன. முதல்நாள் வரை சட்டத்துக்கு உட்பட்டிருந்தவர் மறுநாள் பத்தாண்டுச் சிறைக்கு உரியவர் ஆனார். மூலபாடத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. உரை மட்டுமே மாறியது.

டெக்சாஸ் மாநிலத்து ஆயுத வணிகர் ஒருவர் தம்மிடமிருந்த இரண்டு கட்டைகளை ஒப்படைத்துவிட்டு வழக்குத் தொடுத்தார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ், விசையின் உள்ளுறுப்புகளைப் படம் வரைந்தே விளக்கினார். ஒவ்வொரு குண்டுக்கும் விசை ஒருமுறை விடுபட்டு மீண்டும் அமுங்குகிறது. ஆகவே ஒவ்வொன்றும் தனித்தனிச் செயல் என்பது அவர் உரை. விரலை ஒருமுறை வைத்தவர் அதன்பின் முன்னோக்கித் தள்ளுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. குண்டுகள் தாமே தொடர்கின்றன. சாதாரண மனிதர் இதனை ஒரே செயல் என்றுதான் சொல்வர் என்பது நீதிபதி சோட்டோமேயர் எழுதிய மறுப்புரை.

இலக்கணம் கற்றோர்க்கு இப்பூசல் புதிதன்று. 'கபிலரது பாட்டு' என்றால் கபிலர் பாடியதா, கபிலரைப் பாடியதா? ஆறாம் வேற்றுமை இரண்டுக்கும் இடம் தரும். 'விசையின் செயல்' என்பதும் அவ்வாறே. விசையை வினைமுதலாகக் கொண்டால் தாமஸ் வெல்கிறார். கருவியாகக் கொண்டு சுடுபவரை வினைமுதலாக்கினால் சோட்டோமேயர் வெல்கிறார். ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்றும் நச்சினார்க்கினியர் வேறொன்றும் உரைப்பதைப் படித்து நாம் மகிழ்கிறோம். அங்கே எவர் வென்றாலும் எவரும் சாவதில்லை.

என் கருத்தைக் கூறிவிடுகிறேன். உடன்படாதோர் நம் துறையிலேயே உண்டு. அறுபது பிணங்களை எண்ணும்பொழுது நெஞ்சம் மறுப்புரையின் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தின் சொல்லை, அனுப்புகின்ற அலுவலகமே தன் விருப்பம்போல் நீட்டவும் குறுக்கவும் விடலாகாது என்றே எண்ணுகிறேன். 1985இல் தோன்றி 1995இல் காலாவதியான தடாச் சட்டத்தின் அகன்ற சொற்களுக்குள் எவரெவர் அகப்பட்டு ஆண்டுக்கணக்கில் வாடினர் என்பதை இம்மலரைப் படிக்கும் மூத்தோர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. சொல்லை நீட்டும் கை இன்று நமக்கு வேண்டாதவன்மேல் நீளும். நாளை எங்கே நீளும் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே குற்றம் உரை கண்ட நீதிமன்றத்தினும் நூல் செய்ய வேண்டியவர் மேலேயே மிகுதி. பெரும்பான்மையோடு உடன்பட்ட நீதிபதி அலிட்டோவே, காங்கிரஸ் விரும்பினால் சட்டத்தைத் திருத்தலாம் என்று தனியே எழுதினார். தீர்ப்பு வந்த சில நாட்களில் செனட் சபையில் ஒருமித்த இசைவோடு தடை மசோதாவை நிறைவேற்ற முயன்றனர். ஓர் உறுப்பினர் மறுக்கவே அது நின்றுபோனது. கலிபோர்னியா முதலிய சில மாநிலங்கள் தத்தம் சட்டங்களில் வெளிப்படையாகவே தடுத்துள்ளன. ஆக, எழுதத் தெரியாததன்று, எழுத மனமில்லாததே.

கைத்துப்பாக்கியின் பின்புறம் பொருத்தும் தாங்கி ஒன்றின் கதை இன்னும் விந்தையானது. கை வலுவிழந்த முன்னாள் படைவீரர் முன்கையில் கட்டிக்கொண்டு சுடுவதற்காக அது செய்யப்பட்டது. 2012இல் பணியகம் இசைந்தது. அதனைத் தோளில் வைத்தும் சுட முடிந்ததால் பலரும் வாங்கினர். நெடுந்துப்பாக்கி என்பது தோளிலிருந்து சுடக் கருதிச் செய்யப்பட்டது. அதன் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் பதிவு வேண்டும். அப்படியானால் ஒரே பொருள் முன்கையில் இருக்கும்வரை ஒன்று, தோளில் பட்டதும் வேறொன்றா? தோளில் வைத்தால் அது மறுவடிவமைப்பு என்று 2015இல் ஒரு கடிதம். 2017இல் அதனைத் தளர்த்தி ஒரு கடிதம். பெரும்பாலானவை நெடுந்துப்பாக்கியே என்று 2023 ஜனவரியில் ஒரு விதி. 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டரசு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. இதற்கிடையில் 2019இல் டேட்டன் நகரிலும் 2021இல் போல்டர் நகரிலும் நடந்த படுகொலைகளில் இத்தகைய துப்பாக்கிகள் பயன்பட்டன. ஓசையடக்கிக்கும் குட்டைக் குழலுக்கும் உரிய அந்த 200 டாலர் வரியோ, 2026 ஜனவரி 1 முதல் சுழியாகிவிட்டது. பதிவு மட்டும் தொடர்கிறது.

நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் அவ்வகுப்பில் எடுத்துப் பார்த்தோம். ஓசையையும் தீச்சுடரையும் குறைக்கும் துணைக்கருவிகளைச் சுடுகலம் என்ற சொல்லுக்குள்ளேயே அஃது அடக்கியிருக்கிறது. வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே உரிய பொருள்கள், தடி, சாதாரணக் கைத்தடி போன்றவை ஆயுதமல்ல என்று விலக்கியும் இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆயுதம் எது என்னுமிடத்தில், விசையின்மேல் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் நீங்கும்வரை அல்லது தோட்டாக்கள் தீரும்வரை தொடர்ந்து சுடுவது என்கிறது. செயல் என்று சொல்லாமல் அழுத்தம் என்று சொன்னதனால் நாம் தப்பினோம் என்று நான் சற்றுப் பெருமிதத்தோடு கூறினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, அந்தக் கட்டையில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை விரலைவிட்டு விலகி மீண்டும் வருகிறது என்றீர்களே. அப்படியானால் அழுத்தமும் ஒவ்வொரு முறை நீங்கித்தானே வருகிறது? நம் சட்டத்தின்படியும் அது தப்பிவிடாதா?" என்றார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. மணி அடித்த பின்னும் சிலர் எழவில்லை. நானும் கையில் சுண்ணக்கட்டியோடு பலகையில் எழுதிய அத்தொடரையே மீண்டும் படித்துக்கொண்டு நின்றேன்.